கடைப் பலகையில் யார் பெயர்?

டோல்கேட்டிலிருந்து காலடிப்பேட்டை, தேரடி வழியாக விம்கோ நகர் வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் உள்ள கடைப் பலகைகளை நம் உறுப்பினர்கள் ஒரு தடவை நிதானமாகப் பார்க்க வேண்டும். குளிர்பானக் கம்பெனியின் பெயர் ஒரு முழம் இருக்கிறது. செல்போன் கம்பெனியின் பெயர் ஒரு முழம் இருக்கிறது. கடைக்காரருடைய பெயர் மட்டும் மூலையில் ஒரு சாண் அளவுக்கு இருக்கிறது. பலகை இலவசம், விளக்கு இலவசம், மாட்டுக்கூலியும் இலவசம் என்று கம்பெனிக்காரர் சொன்னார், மாட்டிக்கொண்டோம் என்பார்கள். நாம் அதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. ஆனால் இலவசப் பலகையில் தொடங்கிய ஒரு வியாபாரம் எங்கே போய் முடிந்தது என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. அது இங்கிலாந்தில் நடந்தது. ஏழாம் எட்வர்டு மன்னர் ஆண்ட 1901 முதல் 1910 வரையிலான ஆண்டுகளில், அந்நாட்டின் சிற்றூர்களில் விடுதி நடத்தியவர்களின் கதை அது. அதே ஆண்டுகளில் நம் சென்னையிலும் வழிப்போக்கருக்குச் சோறும் இடமும் கொடுத்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மளிகைக் கடைக்காரராகிய நமக்கு விளங்குவது நிறைய.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். அக்காலத்தில் திருவொற்றியூர் சென்னை நகர எல்லைக்குள் இல்லை. செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று சாலை. இன்னொன்று கால்வாய். 1806-ஆம் ஆண்டு வாக்கில் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி எண்ணூர் வரை வெட்டிய அந்தக் கால்வாய்தான் பின்னர் நீண்டு, 1877-78 பஞ்ச நிவாரண வேலையில் இணைக்கப்பட்டு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. உப்பும் விறகும் அதில்தான் வந்தன. மூன்றாவது ரயில். ராயபுரத்திலிருந்து 1856-லேயே வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது என்றாலும், பெஜவாடாவுக்குப் போகும் வடக்குப் பாதை 1899-ல்தான் வந்தது.

இந்த மூன்று வழியிலும் வந்தவர்கள், பௌர்ணமிக்கு வடிவுடையம்மனைத் தரிசிக்க வந்தவர்கள், மாசி மகத்துக்கு வந்தவர்கள், இவர்களெல்லாம் எங்கே தங்கினார்கள்? சத்திரத்தில். சத்திரம் வியாபாரம் அல்ல. யாரோ ஒரு தனவந்தர் நிலத்தையோ வீட்டு வாடகையையோ எழுதி வைத்திருப்பார். அதன் வருமானத்தில் தங்க இடமும், சில இடங்களில் சோறும் கிடைக்கும். சத்திரத்து மணியக்காரருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 1782-ஆம் ஆண்டு பஞ்சத்தில் ராயபுரத்தை ஒட்டி ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்துக்கு 'மணியக்காரர் சத்திரம்' என்ற பெயர் நிலைத்தது. வெள்ளைக்காரர் வாயில் அது 'மானேகார் சவுல்ட்ரி' ஆயிற்று. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு வேர் அங்கேதான். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே சவலை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள்.

காசுக்குச் சோறு விற்பது ஒரு காலத்தில் நம் நாட்டில் பாவமாகக் கருதப்பட்டது. அந்த எண்ணத்தை உடைத்து, சென்னையில் காபி கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும் பரவத் தொடங்கிய காலம் இதுதான். கச்சேரி குமாஸ்தா, வக்கீல், கல்லூரி மாணவர், வெளியூரிலிருந்து கொள்முதலுக்கு வந்த வியாபாரி என்று வீட்டை விட்டு வந்தவர்கள் பெருகிவிட்டார்கள். சமையல் தெரிந்த ஒருவர், அண்டா குண்டாவோடு ஒரு வாடகை வீடு, விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு, இதுதான் ஓட்டலின் தொடக்கம். கையில் முதல் கிடையாது. முதல் யார் போட்டது? அரிசி மண்டியும், பருப்புக் கடையும், விறகுத் தொட்டியும், பால்காரரும் போட்டார்கள். அதாவது பற்று எழுதிக்கொண்டு சரக்குக் கொடுத்த நம் முன்னோர்தான் அந்த ஓட்டல்காரரின் முதலாளிகள். இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மேல்தட்டிலும் ஒருவர் இருந்தார். மவுண்ட் ரோட்டில் கியாகோமோ டாஞ்சலிஸ் என்ற ஐரோப்பியர் மிட்டாய், கேக் கடை வைத்து, விருந்துச் சமையல் செய்து, பிறகு தன் பெயரிலேயே ஓட்டல் கட்டினார். மின்விசிறி, ஐஸ் இயந்திரம் எல்லாம் வைத்தார். அதோடு நில்லாமல் 1910-ல் சிம்ப்சன் கம்பெனியைக் கொண்டு ஒரு விமானம் செய்யவைத்து, பல்லாவரத்தில் சோதித்துவிட்டு, சென்னை ஜனங்களுக்குப் பறந்தும் காட்டினார். சோறு விற்கிறவருக்கு எதற்கு விமானம் என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். பலகையில் அவர் பெயர் இருந்தது, பெட்டியில் அவர் பணம் இருந்தது, ஆகவே அவர் ஆசைப்பட்டதைச் செய்தார்.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே சிற்றூர் விடுதிக்காரர் என்றால் தங்க அறை, சாப்பாடு, குதிரைக்குக் கொட்டில், பீர் ஆகிய நான்கும் கொடுப்பவர். விடியற்காலையில் கொட்டில்காரனை எழுப்புவதில் தொடங்கும் அவர் நாள் இரவு பத்து, பதினோரு மணிக்குக் கதவைச் சாத்தும் வரை ஓடும். சமையலும் படுக்கையும் மனைவி பொறுப்பு. மனைவி கெட்டிக்காரியாக இல்லாவிட்டால் விடுதி ஒரு வருஷம் தாங்காது என்பது அங்கே எல்லாரும் அறிந்தது. (நம் மெஸ்களிலும் அப்படித்தான். பலகையில் ஐயா பெயர், அடுப்பில் அம்மா.) சந்தை நாளில் சுற்றுவட்டார விவசாயிகள் வருவார்கள், எல்லாருக்கும் ஒரே விலையில் ஒரே பந்தியில் சாப்பாடு. ஊர்ச் சகாய நிதிச் சங்கங்கள் மாடியில் கூடும். சந்தேக மரணம் நேர்ந்தால் விசாரணையைக்கூட விடுதியில் வைத்தே நடத்தினார்கள். வேறு தக்க இடம் இருந்தால் அங்கே நடத்தக் கூடாது என்று 1902 சட்டம் வந்த பிறகுதான் அது குறைந்தது. கம்பெனிகளின் ஊர்சுற்றும் விற்பனையாளர்களுக்கென்றே தனி அறை உண்டு. அதில் சாப்பாட்டு மேஜைக்குத் தலைவர் ஒருவர், அவருக்கென்று சம்பிரதாயங்கள் எல்லாம் உண்டு. திங்கட்கிழமை தோறும் நம் கடைக்கு ஆர்டர் எடுக்க வரும் சேல்ஸ்மேன்களுக்கு அவர்கள் தாத்தாக்கள்.

சட்டத் தொல்லைக்கும் குறைவில்லை. லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குத்தான். ஆண்டுதோறும் மாஜிஸ்திரேட்டுகள் முன் போய் நிற்க வேண்டும். குடித்தவனைக் கடையில் வைத்திருந்தால் அபராதம். 1902 சட்டப்படி, ஓயாக் குடிகாரர் என்று பட்டியலில் ஏறியவருக்குத் தெரிந்தே விற்றால் குற்றம். ஞாயிற்றுக்கிழமை மூடிய நேரத்தில் உள்ளூர்க்காரருக்கு ஊற்றக் கூடாது, உண்மையான பயணிக்கு மட்டும் ஊற்றலாம். முந்தின இரவு குறைந்தது மூன்று மைல் தள்ளி உறங்கியவரே பயணி. அதாவது ராயபுரத்தில் உறங்கியவர் திருவொற்றியூருக்கு வந்தால் பயணி, டோல்கேட்டில் உறங்கியவர் வந்தால் பயணி அல்ல. அதைக் கண்டுபிடிக்கும் வேலை விடுதிக்காரருடையது. அதிகாரிகள் எங்கும் அதிகாரிகளே.

ரயில் வந்தபோது சாரட்டு வண்டிப் போக்குவரத்து செத்து, சாலையோர விடுதிகள் படுத்துவிட்டன. 1890களில் சைக்கிள் வந்தது, பிறகு மோட்டார் வந்தது, சாலை மறுபடி உயிர் பெற்றது. சைக்கிள் சங்கத்தார் நல்ல விடுதிகளுக்குச் சின்னம் கொடுத்துச் சுவரில் பதிக்கச் சொன்னார்கள். தொழில் முன்னேற வேண்டிய நேரம்தான். ஆனாலும் விடுதிக்காரர் முன்னேறவில்லை. ஏன்?

சாராயக் கடைக்காரன் கதை நமக்கெதற்கு என்று சில அன்பர்கள் கேட்கலாம். பீர் என்று வருகிற இடத்தில் எல்லாம் பருப்பு, எண்ணெய், சோப்பு என்று படித்துக்கொள்ளுங்கள், கதை மாறாது.

1869-க்குப் பிறகு இங்கிலாந்தில் புதிய லைசென்ஸ் கிடைப்பது அரிதாயிற்று. இருக்கிற கடைக்கு விலை ஏறியது. 1886-ல் கின்னஸ் பங்கு வெளியிட்டு வெற்றி கண்டதும் மற்றப் பீர் ஆலைகளும் பங்கு விற்றுப் பணம் திரட்டின. திரட்டிய பணத்தை என்ன செய்வது? பீரைத் தயாரித்தால் போதுமா, விற்க இடம் வேண்டாமா? ஆகவே விடுதிகளை வாங்கின. வாங்க முடியாத இடத்தில் விடுதிக்காரருக்குக் கடன் கொடுத்தன. வட்டி குறைவு, நிபந்தனை ஒன்றே ஒன்று: எங்கள் பீரைத் தவிர வேறு பீர் உங்கள் கடைக்குள் வரக் கூடாது. இப்படிக் கட்டுண்ட விடுதிக்கு அவர்கள் மொழியில் 'டைடு ஹவுஸ்' என்று பெயர், கட்டிப்போட்ட வீடு. கட்டாத வீட்டுக்கு 'ஃப்ரீ ஹவுஸ்'. எட்வர்டு மன்னர் பட்டத்துக்கு வந்தபோது அந்நாட்டின் ஏறத்தாழ 1 லட்சம் மதுக்கடைகளில் பெரும்பாலானவை கட்டுண்டவையே.

இதில் கணக்கைக் கவனியுங்கள். வாடகை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வெளிச்சந்தையில் தனிக்கடைக்காரருக்குக் கிடைக்கும் தள்ளுபடி கட்டுண்டவருக்குக் கிடைக்காது. ஒரே பீப்பாய்க்கு அவர் அதிகம் கொடுப்பார். அந்த வித்தியாசத்துக்கு 'ஈர வாடகை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். உலர்ந்த வாடகை வீட்டுக்கு, ஈர வாடகை பீரில். வாடகை குறைவென்று மகிழ்ந்தவர், எவ்வளவு அதிகம் விற்றாரோ அவ்வளவு அதிகம் வாடகை கொடுத்தார் என்பதுதான் உண்மை. வெளியிலிருந்து ஒரு பீப்பாய் திருட்டுத்தனமாக இறக்கினாரா என்று பார்க்க ஆலையின் ஆள் வருவார். பிடிபட்டால் குறுகிய நோட்டீசில் வெளியேற வேண்டும். அவர் பத்து வருஷம் சேர்த்த வாடிக்கை, மனைவியின் கைப்பக்குவத்துக்கு வந்த கூட்டம், எல்லாம் அடுத்த ஆளுக்கு.

பக்கத்துக் கடையோடு போட்டிக்கு அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் அளவு. கேட்ட அளவுக்கு மேல் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார்கள். 'நீண்ட இழுப்பு' என்பார்கள் அதை. நம் கொசுறுதான். சரக்கின் விலை, வகை எதுவும் தன் கையில் இல்லாதவன் கொசுறில்தான் போட்டி போட முடியும், அதுவும் தன் லாபத்திலிருந்து.

அன்றைய சட்டப்படி லைசென்ஸ் வைத்திருப்பவரின் பெயரைக் கடை வாசலில் எழுத வேண்டும். எழுதினார்கள், கதவு நிலைக்கு மேலே சின்ன எழுத்தில். பலகையிலும் சுவரிலும் பெரிய எழுத்தில் ஆலையின் பெயர். அபராதம் வந்தால் சின்ன எழுத்துக்காரருக்கு, லாபம் வந்தால் பெரிய எழுத்துக்காரருக்கு.

இது வெறும் பேச்சல்ல என்பதை 1904 காட்டியது. மதுக்கடைகள் அதிகம், குறைக்க வேண்டும் என்று அவ்வாண்டு சட்டம் வந்தது. மூடப்படும் கடைக்கு நஷ்டஈடு உண்டு. அந்தப் பணத்தை மற்றக் கடைகளிடமிருந்தே வரியாக வசூலித்தார்கள். நஷ்டஈட்டில் பெரும் பங்கு யாருக்குப் போயிற்று? கட்டடம் யாருடையதோ அவருக்கு, அதாவது பெரும்பாலும் ஆலைக்கு. விடுதி நடத்தியவருக்குச் சிறு பங்கு. 1908-ல் பல்லாயிரம் லைசென்ஸ்களை ஒழிக்க மசோதா வந்தபோது தொழிலே திரண்டு லண்டன் ஹைட் பார்க்கில் கூட்டம் போட்டது. மசோதா பிரபுக்கள் சபையில் தோற்றது. விடுதிக்காரர்களும் கொடி பிடித்துப் போனார்கள். யாருடைய சொத்தைக் காப்பாற்றப் போனோம் என்று அவர்களில் எத்தனை பேர் யோசித்தார்களோ. 1910-ல் லைசென்ஸ் கட்டணம் மறுபடி ஏறியது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கட்டுண்ட வீட்டால் நன்மையே இல்லை என்பது பொய். பெரிய வீட்டில் வேலை பார்த்த பட்லர், ஓய்வு பெற்ற சிப்பாய், கையில் சிறு தொகை வைத்திருந்தவர், இவர்களெல்லாம் ஒரு விடுதிக்கு முதலாளி போல் உட்கார முடிந்தது ஆலை வீட்டைக் கொடுத்ததால்தான். முதல் இல்லாதவனுக்கு வாசல் திறந்தது. அந்த வாசல் உள்ளே போக மட்டும் திறந்தது என்பதுதான் நம் புகார்.

அவர்கள் நம்மைவிட ஒரு விஷயத்தில் மேலாக இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. இடம் இருந்து, கொடுக்கக் காசும் இருந்தால் பயணியைத் திருப்பி அனுப்ப விடுதிக்காரருக்கு உரிமை இல்லை என்பது இங்கிலாந்தின் பழைய சட்டம். 1898-ல் சைக்கிளில் வந்த ஹார்பர்ட்டன் சீமாட்டியார் பாவாடைக்குப் பதில் அகலக் கால்சட்டை அணிந்திருந்தார் என்று, சர்ரே மாவட்டத்தில் ஒரு விடுதி அம்மாள் நல்ல அறையில் உட்கார விடாமல் மதுக்கூடத்தில் உட்காரச் சொன்னார். சீமாட்டி வழக்குப் போட்டு 1899-ல் தோற்றார் என்றாலும், வழக்குப் போட ஒரு சட்டம் இருந்தது. இங்கே? சாதி பார்த்துப் பந்தி. பலகையிலேயே 'பிராமணாள்' என்று எழுத்து. தென்னிந்திய ரயில்வேயின் சாப்பாட்டு அறைகளில் தனித்தனி இடம் 1941-ல்தான் ஒழிந்தது. கடை, ஓட்டல் எதிலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று 1950-ல் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொன்ன பிறகும், 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்கப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. பலகையில் எழுதியிருப்பது வெறும் விளம்பரம் அல்ல என்பதற்காகச் சொல்கிறோம். உள்ளே யார் வரலாம், யார் சரக்கு வரலாம் என்பதைப் பலகையே சொல்லிவிடும்.

ஆனாலும் நம் ஓட்டல்காரர் ஆலைக்காரரிடம் கட்டுப்படவில்லை. காரணம் முன்பே குறித்து வைக்கச் சொன்னதுதான்: அவருக்குக் கடன் கொடுத்தவர் உற்பத்தியாளர் அல்ல, உள்ளூர் வியாபாரி. அரிசிக்கு ஒருவர், பருப்புக்கு ஒருவர், விறகுக்கு ஒருவர் என்று கடன் பிரிந்திருந்தது. இந்தக் கடையில் துவரம்பருப்பு வேகவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம், பழைய பாக்கியைத் தவணையில் அடைக்கலாம். கடன்காரராக இருந்தும் கொள்முதலில் சுதந்திரமாக இருந்தார். தேயிலைக் கம்பெனிகள் அதே காலத்தில் நம் நாட்டில் கால் வைத்தன; 1903-ல் தேயிலைத் தீர்வைச் சட்டம் வந்து, அந்தத் தீர்வைப் பணத்தில் பிரசாரம் தொடங்கியது. காலப்போக்கில் எனாமல் பலகைகள் கடைகளில் ஏறின. பலகையோடு நின்றது. டீத்தூள் இவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று யாரும் கடைக்காரரின் கழுத்தில் கயிறு போடவில்லை.

திருவொற்றியூரின் பிற்காலச் சரித்திரம் முழுக்க இந்த முறையில்தான் ஓடியது. விம்கோ தீப்பெட்டி ஆலை, 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1955-ல் வந்த என்ஃபீல்டு, கே.சி.பி., கார்போரண்டம் என்று தொழிற்சாலைகள் வர வர, மூன்று ஷிப்ட் ஆட்களுக்கும் சோறு போட மெஸ்கள் வந்தன. தொழிலாளி சம்பள நாளில் மெஸ்ஸுக்குக் கொடுப்பார், மெஸ்காரர் மறுநாள் மளிகைக்குக் கொடுப்பார், மளிகைக்காரர் அதை எடுத்துக்கொண்டு கொத்தவால் சாவடிக்கோ கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கோ போவார். ஒரு ஆலையில் கதவடைப்பு என்றால் சங்கிலி முழுவதும் ஆடும். ஆடினாலும் அறுந்ததில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கண்ணியிலும் முகம் தெரிந்த ஒருவர் இருந்தார். அந்த மூன்று மாதம் வட்டி கேட்காமல் சரக்குக் கொடுத்த கடைகள் நம் வட்டாரத்தில் உண்டு.

இப்போது நிலைமை மாறி வருகிறது. குளிர்பானக் கம்பெனி பிரிட்ஜ் கொடுக்கிறது, அதில் தண்ணீர் பாட்டில் உட்பட அவர்கள் சரக்கை மட்டுமே வைக்க வேண்டும் என்கிறது. ஐஸ்கிரீம் கம்பெனி பெட்டி கொடுக்கிறது. அலமாரியில் கண்ணுக்கு நேரான தட்டுக்கு மாதம் இவ்வளவு என்று இன்னொரு கம்பெனி கொடுக்கிறது. செல்போனில் ஆர்டர் போட்டால் மறுநாள் சரக்கு இறக்கும் மொத்த வியாபாரக் கம்பெனிகள் பதினைந்து நாள் கடனும் சேர்த்துக் கொடுக்கின்றன. மெஸ்காரருக்குச் சாப்பாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் ஆப் கம்பெனி, பில்லில் கால் பங்கு வரைகூட எடுத்துக்கொண்டு, தள்ளுபடியையும் அவர் தலையிலேயே போடுகிறது. வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும்கூட மெஸ்காரருக்குத் தெரிவதில்லை. தன் சமையலைச் சாப்பிடுகிறவர் யார் என்று தெரியாத விடுதிக்காரர் எட்வர்டு காலத்து இங்கிலாந்தில்கூட இருந்ததில்லை.

2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவெடுத்ததை நினைத்துப் பாருங்கள். அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். சரக்கை நிறுத்த வேண்டும் என்று நினைத்த கடைக்காரர், பிரிட்ஜ் யாருடையது என்ற கேள்வியில் வந்து நின்றார். கம்பெனியுடையது என்றால் அந்தப் பிரிட்ஜில் பன்னீர் சோடாவை வைக்க ஒப்பந்தம் இடம் கொடுக்காது. சரக்குச் சுதந்திரம் என்பது அன்றைக்குத்தான் சோதிக்கப்பட்டது.

ஆகவே நம் கருத்து இது. ஒரு பொருளுக்காகக் கருவி கொடுக்கிறார்களா, வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பொருள் எப்படியும் நம் கடையில் விற்கிறது. ஆனால் கடைக்கு நடைமுறை முதலைச் சரக்குக் கொடுக்கிறவரிடமே, அதுவும் ஒரே ஒருவரிடமே, வாங்கக் கூடாது. கடன் ஓரிடத்திலும் கொள்முதல் வேறிடத்திலும் இருக்க வேண்டும். அல்லது இரண்டும் பல இடங்களில் பிரிந்திருக்க வேண்டும். வங்கியில் முத்ரா கடன் வாங்க நான்கு தடவை நடக்க வேண்டியிருக்கிறது என்பது நமக்கும் தெரியும். நடப்பது அலுப்புதான். ஆனால் இந்தப் பருப்பைத்தான் விற்க வேண்டும் என்று வங்கி நமக்குச் சொல்லாது.

மொத்த வியாபாரி நண்பர்கள் இதுவரை தலையாட்டிக்கொண்டே படித்திருப்பார்கள். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பீர் ஆலைக்காரர் வெளியூர்க் கம்பெனிதான் என்று யார் சொன்னது? மெஸ்காரருக்கு 40,000 ரூபாய் பாக்கி நிற்கிறது என்பதற்காக, வண்டு விழுந்த உளுந்தை அவர் தலையில் கட்டுகிறவரும், ரொக்கக்காரருக்கு ஒரு விலை, பற்றுக்காரருக்கு அதே எண்ணெய் டின்னுக்கு வேறு விலை என்று எழுதுகிறவரும், பாக்கியை முழுதாகத் தீர்க்க வந்தால் முகம் சுளிக்கிறவரும் நம் தொழிலிலேயே உண்டு. ஈர வாடகை என்பது அதுதான். பற்றுக்கு வட்டி வேண்டும் என்றால் வட்டி என்று தனியாக எழுதுங்கள். சரக்கின் விலைக்குள் ஒளிக்காதீர்கள். மெஸ்காரர் கணக்குப் பார்த்து ஒப்புக்கொள்வார். ஒளித்தால் செல்போன் கம்பெனியின் பதினைந்து நாள் கடன் அவருக்கு இனிக்கும், இனித்த பிறகு அவர் திரும்பி வரமாட்டார். அவர் போனால் மளிகையின் நிலையான கொள்முதலில் பெரிய பகுதி போகும். சங்கிலியை நாமே அறுத்துவிட்டுக் கம்பெனி அறுத்தது என்று தீர்மானம் போட்டுப் பயனில்லை.

சட்டத்தின் உதவி வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு இங்கிலாந்தின் காலக்கணக்கு உதவும். ஆறு பெரிய ஆலைகளின் பிடியைத் தளர்த்த அந்நாட்டு அரசு உத்தரவு போட்டது 1989-ல். ஆலைகள் விடுதிகளை விற்றன, விடுதிகளை வாங்குவதற்கென்றே புதுக் கம்பெனிகள் முளைத்தன, கயிறு கை மாறியது, அவிழவில்லை. 500 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுண்ட விடுதிகளை வைத்திருக்கும் கம்பெனியின் வாடகைதாரர், பீர்க் கட்டு வேண்டாம், சந்தை வாடகை மட்டும் கொடுக்கிறேன் என்று கேட்கும் உரிமையை 2015-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்து, 2016-ல் நடைமுறைக்கு வந்தது. எட்வர்டு மன்னர் காலத்து விடுதிக்காரரின் கொள்ளுப்பேரன் காலத்தில்.

நம் நாட்டில் உணவு ஆப் கம்பெனிகளின் மீது ஓட்டல்காரர்களின் தேசிய சங்கம் 2021-ல் கொடுத்த புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவிட்டது. பத்து நிமிட டெலிவரிக் கம்பெனிகளின் அடிமாட்டு விலை குறித்து நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024-ல் அதே ஆணையத்திடம் போயிருக்கிறது. புகார்கள் தொடரட்டும், நம் ஆதரவு உண்டு. அதற்குள் நாமே பார்த்துக்கொள்ளக் கூடிய காகிதங்கள் சில நம் கல்லாப்பெட்டிக்கு அடியிலேயே கிடக்கின்றன. பிரிட்ஜுக்கும் பலகைக்கும் அலமாரித் தட்டுக்கும் ஆப்புக்கும் போட்ட கையெழுத்தின் நகல் எத்தனை பேரிடம் இருக்கிறது? நகல் இல்லாதவர்கள் கம்பெனியிடம் எழுதிக் கேட்க வேண்டும். நகல் உள்ளவர்கள் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், மற்றக் கம்பெனிச் சரக்கு பற்றி என்ன எழுதியிருக்கிறது, பெட்டி பழுதானால் யார் செலவு, முன்பணம் எப்போது திரும்பும் என்ற நான்கு இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மெஸ் நடத்தும் நண்பர்களையும் கூட்டி வாருங்கள். அவர்கள் நம் சங்கத்தில் உறுப்பினர் அல்ல என்றாலும் அவர்களுடைய பேரேடு நம்மிடம்தான் இருக்கிறது.